பெயர் வெட்டுகிறவரின் பெயர்

எங்கட வீட்டு அலுமாரியில் ஒரு கட்டு கல்வெட்டு இருக்கிறது. கல் இல்லை, காகிதம். அம்மப்பாவுடையது, பெரியம்மாவுடையது, அம்மாவுக்குப் படிப்பித்த ரீச்சருடையது, யார் என்றே இப்போது வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லாத இன்னும் மூன்று பேருடையது. ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டிக்குப் போனால், சாப்பிட்டு எழும்பும்போது கையில் தருவார்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான். முன் அட்டையில் படம். உள்ளே திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரங்கள், மக்கள் மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். சென்னையில் படிக்கிற ஒரு நண்பியிடம் "கல்வெட்டு அடிக்கக் குடுத்திருக்கு" என்று ஒருமுறை சொன்னேன். நான் ஏதோ அகழாய்வில் வேலை செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

காகிதத்துக்கு ஏன் கல்லின் பெயர் வந்தது? எங்கட ஆக்களில் பெரும்பாலானோர் எரிக்கிறார்கள். சாம்பல் கடலுக்குப் போகும். திருகோணமலைக்காரர் என்றால் கன்னியாவில் கிரியை செய்வோம், இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று சொல்லப்படுகிற அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றடியில். அதோடு சரி, கல் நட இடம் மிஞ்சாது. முஸ்லிம்களின் மையவாடியில் மீசான் கட்டை இருக்கும். அதில் பெயர் எழுதுவதைக்கூடப் பலர் விரும்புவதில்லை. கிறிஸ்தவ சேமக்காலையில்தான் பெயரும் திகதியும் உள்ள கல்லறைகளைக் காணலாம். அதிலும் நிறையச் சீமெந்து. வீடு கட்டின மேசனே சிலுவையையும் கட்டி, ஈரம் காய முதல் ஆணியால் பெயரைக் கீறிவிட்டுப் போயிருப்பார். ஆக, கல்லறைக்கல் வெட்டுவதை மட்டுமே தலைமுறை தலைமுறையாகச் செய்து பிழைக்கிற ஒரு குடும்பக் கடைக்கு இந்த ஊரில் வியாபாரம் போதாது.

ஆனால் பழைய கல்லுக்குக் குறைவில்லாத ஊர் இது. பெரும்பாலும் வந்து போனவர்களின் கல்.

கோட்டை வாசலில் தொடங்குங்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். வாசல் நிலைக் கல்லில் இரட்டை மீனும் தமிழ் எழுத்துகளும் இன்றைக்கும் இருக்கின்றன. குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கல்வெட்டு இதுதான், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கோயிலுக்குப் போகிற சனத்தில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் மான்கள்தான் கண்ணில் படும், கல் படாது. நானும் பதினெட்டு வயதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறேன்.

மேலே, மலை உச்சியில், ஒரு தூண் நிற்கிறது. அதில் டச்சு மொழியில் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் வெட்டியிருக்கிறது. அவளுடைய நினைவாக நிறுத்தப்பட்டது என்கிறது எழுத்து. அவ்வளவுதான். ஆனால் ஊர் சொல்லும் கதை வேறு. காதலன் அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினான், கப்பல் மலையைத் தாண்டிப் போகும்போது இவள் உச்சியிலிருந்து குதித்தாள். 'காதலர் பாய்ச்சல்' என்று இடத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டோக்கார அண்ணைமார் இந்தக் கதையை நல்ல வடிவாகச் சொல்வார்கள்.

பிரான்சினா குதிக்கவில்லை. டச்சுப் பதிவுகளின்படி அவள் 1687க்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்கிறாள். அவளுடைய தந்தை ஹென்றிக் வான் ரீட், டச்சுக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பெரிய அதிகாரி. மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்' என்ற 12 தொகுதி நூலை உருவாக்கியவர். அவர் 1691 இல் பம்பாய்க்குக் கிட்டக் கடலில் இறந்து, சூரத்தில் பெரிய மண்டபத்துக்குள் அடக்கமானார். மகளுக்கோ உயிரோடு இருக்கும்போதே ஒரு கல். 'நினைவாக' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சனம் நிரப்பிவிட்டது. கல்லில் பெயர் இருந்தால் ஆள் செத்திருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம் போல.

அந்தத் தூணே பழைய கோயிலின் தூண் என்று சொல்லப்படுகிறது. அப்படியென்றால் அதை முதலில் செதுக்கியவர் ஒருவர், பிறகு டச்சு எழுத்தை வெட்டியவர் இன்னொருவர். கதையில் இருவரும் இல்லை.

இப்படியான கற்களை எண்ணிப் பட்டியல் போட்டவர்களும் இருந்தார்கள். லுடோவிசி என்பவர் 1877 இல் இலங்கையின் டச்சுக் கல்லறைக் கற்களைப் புத்தகமாக்கினார். 1913 இல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி, தீவு முழுவதும் உள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த விசயம், கல்லே வைக்கப்படாமல் போனவர்களுக்கும் ஒரு பட்டியல் சேர்த்திருப்பது. ஆனால் அவருடைய 'கல் வைக்கப்படாதவர்கள்' என்பவர்களும் ஐரோப்பிய அதிகாரிகளும் அவர்களின் வட்டமும்தான். மண்வெட்டி பிடித்தவர்கள் அந்தப் பட்டியலிலும் இல்லை.

நகரத்துக்குள் புனித ஸ்தேவான் சேமக்காலைக்கு வாருங்கள். இங்கே ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி. பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், இரண்டாம் பர்மா யுத்தத்தில் ஐராவதி ஆற்றில் வாந்திபேதி வந்து 1852 அக்டோபர் 7 ஆம் திகதி இறந்தார். உடல் இங்கே கொண்டுவரப்பட்டது. இளம் வயதில் கப்பல் பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்த தம்பி அவர். அக்காவின் எழுத்தைப் படித்துவிட்டு இங்கிலாந்திலிருந்து இந்தக் கல்லைத் தேடி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பேர்சி மோல்ஸ்வேர்த்தும் இங்கேதான். கொழும்பில் பிறந்தவர், பொறியியல் படைப்பிரிவில் மேஜர். வேலை முடிந்த இரவுகளில் திருகோணமலையிலிருந்து தொலைநோக்கியால் வியாழனையும் செவ்வாயையும் பார்த்துக் குறிப்பெழுதினார். 1908 நத்தார் நாளில் இறந்தபோது 41 வயது. சந்திரனிலும் செவ்வாயிலும் ஒவ்வொரு கிண்ணக்குழிக்கு அவருடைய பெயர். எங்கட ஊரில் ஒரு கல், வானத்தில் இரண்டு பள்ளம். கொடுத்துவைத்த மனுசன்.

இந்தக் கற்களை வாசித்துக்கொண்டு போகும்போது ஒன்று உறுத்தும். இறந்தவரின் பெயர் இருக்கிறது. எழுப்பிய மனைவியின் பெயரோ, கூட வேலை செய்த அதிகாரிகளின் குறிப்போ இருக்கிறது. உளி பிடித்தவரின் பெயர் இருப்பது அபூர்வம்.

இது எங்கட சரித்திரமும்தான். 17 ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரருக்குக் கல்லறைப் பலகை வெட்டிக் கொடுத்த முக்கியமான இடங்களில் ஒன்று சோழமண்டலக் கரை. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் பக்கங்களில் வெட்டிய பலகைகள் கப்பலேறி, பத்தேவியா வரைக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தா வரைக்கும் போயின. அங்கே தமான் பிரசாஸ்தி என்ற கல்லறை அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம். குடும்பச் சின்னம், தலைக்கவசம், இலைக்கொடி, சுற்றிவர டச்சு எழுத்து. பல பலகைகளில் எழுத்து பள்ளமாக வெட்டப்படாமல் புடைத்து நிற்கிறது. எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கல்லை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோயில் வாசலுக்குத் துவாரபாலகர் செய்து பழகின கைகள், கல்லறை வாசலுக்கு எலும்புக்கூடு செய்திருக்கின்றன.

தங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், சந்திக்காத மனிதரின் பெயரை, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் கருங்கல்லில் வெட்டுவதை யோசித்துப் பாருங்கள். அப்பனிடமிருந்து மகனுக்குப் போன வேலை அது. கம்மாளரின் ஐந்து பிரிவில் கல்தச்சர் ஒரு பிரிவு. 'குடும்பத் தொழில்' என்று இப்போது நாங்கள் அழகாகச் சொல்வது எங்கட பக்கத்தில் பெரும்பாலும் சாதித் தொழில்தான். மகன் உளியைத் தொட்டது விருப்பத்தால் மட்டும் இல்லை. அதை மறந்துவிட்டுப் 'பாரம்பரியம்' என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஒரு கல்லறைக்கல் குடும்பத்தின் கதையை ஆதியிலிருந்து பின்தொடர வேண்டுமென்றால் இன்னொரு துறைமுக ஊருக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ரோட் தீவில் உள்ள நியூபோர்ட். அங்கே தேம்ஸ் தெருவில் 'ஜோன் ஸ்டீவன்ஸ் ஷொப்' என்ற கடை 1705 முதல் இருக்கிறது. இன்றைக்கும் கல்லில் கையால் பெயர் வெட்டுகிறார்கள்.

முதல் ஜோன் ஸ்டீவன்ஸ் ஒரு மேசன். அத்திவாரம் போட்டார், புகைபோக்கி கட்டினார், இடையிடையே கல்லறைக்கல்லும் வெட்டினார். அவருடைய கணக்குப் புத்தகம் மிஞ்சியிருப்பதால் இதெல்லாம் தெரிகிறது. எங்கட சேமக்காலை மேசனின் ஆள்தான், கணக்கு எழுதி வைத்தது மட்டும் வித்தியாசம். பிறகு அவருடைய மகன்மார் கைக்கு வேலை வந்தது, பேரன் கைக்கு வந்தது. கறுப்புச் சிலேட்டுக் கல்லில், மேலே சிறகு முளைத்த ஒரு முகம், கீழே பெயர், வயது, திகதி. ஊர் வளர வளரக் கடையும் வளர்ந்தது. ஊர் வளர்ந்த விதம்தான் சங்கடமானது: 18 ஆம் நூற்றாண்டில் நியூபோர்ட், வட அமெரிக்காவின் அடிமை வியாபாரத்துக்குப் பெரிய துறைமுகம். கப்பலில் மனிதர்களை விற்றவனுக்கும் கல் வேண்டும். விற்கப்பட்டவர்களுக்கும் சில வேளை கல் வைத்தார்கள். நகரப் பொதுச் சேமக்காலையின் ஒரு மூலையில் ஆபிரிக்கருக்கு ஒதுக்கிய பகுதி இருக்கிறது. 'கடவுளின் சின்னக் காணி' என்று பொருள்வரும் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

அங்கே 1768 ஆம் ஆண்டுக் கல் ஒன்று இருக்கிறது. இறந்தவரின் பெயர் கஃபி கிப்ஸ், வயது 40. ஆனால் கல் அவருடைய பெயரோடு தொடங்கவில்லை. இந்தக் கல்லை வெட்டியது பொம்பே ஸ்டீவன்ஸ், தன் சகோதரனின் நினைவாக, என்றுதான் தொடங்குகிறது. பொம்பே, ஸ்டீவன்ஸ் குடும்பத்தின் அடிமை. அவர்களுடைய கடையில் உளி பிடித்தவர். கூடப்பிறந்த இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறு, ஏனென்றால் எசமான் வேறு வேறு. ஒருவர் கிப்ஸ் வீட்டுச் சொத்து, மற்றவர் ஸ்டீவன்ஸ் வீட்டுச் சொத்து.

இந்தக் கல்லின் படத்தை ஃபோனில் முதன்முதல் பார்த்தபோது திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி அவர் ஒரு பொருள். அந்தக் கையால் எசமானின் கடைக்காக எத்தனையோ பேரின் பெயரை வெட்டியிருப்பார். தன் சகோதரன் செத்தபோது, தன் பெயரை முதலில் போட்டார். கையெழுத்து என்றால் இது. இன்னொரு கல்லில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறார். கடையின் பெயர் ஸ்டீவன்ஸ், குடும்பத்தின் பெயர் ஸ்டீவன்ஸ், அடிமையின் பெயரும் ஸ்டீவன்ஸ். 'குடும்பத் தொழில்' என்கிற சொல்லுக்குள் யார் யாரையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறோம் என்று இந்த ஒரு கல் கேட்டுவிடுகிறது.

ஸ்டீவன்ஸ் குடும்பம் இருநூறு வருடத்துக்கு மேல் கடையை நடத்தியது. 1927 இல் ஜோன் ஹவார்ட் பென்சன் என்ற கலைஞர் அதை வாங்கினார். அதற்குள் உலகம் இயந்திர வெட்டுக்கு மாறியிருந்தது. பென்சன் பழைய முறைக்குத் திரும்பினார். முதலில் தூரிகையால் கல்லில் எழுத்தை வரைவது, பிறகு அந்த வரையில் உளியால் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டி நடுவில் கூர்ப்பள்ளம் எடுப்பது. மகன் ஜோன் எவரெட் பென்சன், ஆர்லிங்டனில் ஜோன் கென்னடியின் சமாதி வாசகங்களை வெட்டினார். பேரன் நிக்கலஸ், பதினைந்து வயதில் கடையில் சேர்ந்தவர், வொஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் நினைவிடத்துச் சுவர் எழுத்துகளை வெட்டினார். 2010 இல் மக்ஆர்தர் விருது கிடைத்தது. உளிக்காரனின் பெயர் பத்திரிகையில் வர முந்நூறு வருடம் பிடித்தது என்று சொல்லலாம். பொம்பே அதற்கு முதலே தானே போட்டுக்கொண்டுவிட்டார், அது வேறு.

சரி, திரும்பி வருவோம். நிலாவெளி வீதியில் பிரித்தானிய யுத்த மயானம். இரண்டாம் உலகப் போரில் இறந்த முந்நூறுக்கு மேற்பட்டவர்கள், புல் வெட்டி, பூக்கன்று வைத்து, வரிசையாக. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை 307 பேரோடு மூழ்கடித்தன. இந்த மயானங்களுக்கு ஒரு கொள்கை உண்டு. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவுக் கல். முதல் உலகப் போர்க் காலத்தில் குடும்பத்தார் 66 எழுத்துக்குள் ஒரு வாசகம் சேர்க்கலாம் என்றும், எழுத்துக்கு இவ்வளவு பென்ஸ் என்றும் வைத்திருந்தார்கள். மகனுக்குச் சொல்ல வேண்டியதை அம்மா எழுத்தெண்ணி எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த 'எல்லாரும் சமம்' எவ்வளவு உண்மை? 2021 இல் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவே ஓர் அறிக்கையில் ஒத்துக்கொண்டது: முதல் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்குப் படையாட்களில் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை.

இந்தப் புல்தரையில் நிற்கும்போது எங்கட ஆக்கள் பலருக்கு வருகிற கேள்வியை நான் தவிர்க்க முடியாது. இதே மாவட்டத்தில், மூதூர் கிழக்கில், ஆலங்குளத்தில் ஒரு துயிலும் இல்லம் இருந்தது. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை. கிடைக்காதவர்களுக்கு நடுகல். சங்ககாலச் சொல்லை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படி சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த நடுகற்களில் ஆகோள் பூசலில் இறந்தவனின் பெயர் தமிழ்ப் பிராமியில் இருக்கிறது. அவ்வளவு பழைய பழக்கம், எரிக்கிற வழக்கத்துக்குள் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது, யுத்தத்தில் திரும்பி வந்தது. புதைத்தார்கள், கல் வைத்தார்கள், ஒரே அளவில், வரிசையாக. பார்த்தால் நிலாவெளி வீதியின் ஒழுங்குதான்.

ஆலங்குளத்துக் கற்கள் இன்று இல்லை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயின் கதை இன்னும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1995-96 இல் இராணுவம் வந்தபின் உடைக்கப்பட்டது. 2002 சமாதான காலத்தில் திரும்பக் கட்டினார்கள். உடைந்த துண்டுகளைக்கூட அங்கேயே காட்சிக்கு வைத்தார்கள். யுத்தம் முடிந்தபின் மறுபடி இடிக்கப்பட்டு, 2011 இல் அதன் மேல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. புலிகளின் அரசியலைப் பற்றி எங்கட குழுவுக்குள்ளேயே பத்துக் கருத்து இருக்கு, அதை வேறொரு நாள் கதைப்போம். ஆனால் ஒரு தாய்க்கு அந்தக் கல் தன் பிள்ளையின் பெயர் எழுதின ஒரே இடம். எதிரியின் கல்லறையை என்ன செய்வது என்பதை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஜப்பானியரும் வந்துபோன இந்த ஊர் எப்போதோ கற்றிருக்க வேண்டும். இரவோடு இரவாக இடிப்பது பிறகும் நிற்கவில்லை. 2021 சனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் தூபிக்கு நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். அதே வருடம் ஏப்ரலில் திரும்பக் கட்டித் திறந்தார்கள்.

கல்லை இடிக்கலாம் என்று தெரிந்த ஊரில் காகிதத்தின் மதிப்பு வேறாகிவிடுகிறது. ஐந்நூறு பிரதி அடித்து ஐந்நூறு வீட்டுக்குக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே இரவில் அழிக்க முடியாது. கறையான் வேண்டுமானால் மெல்ல மெல்ல முயற்சி செய்யும். நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் நினைவு மலர்களை வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லாத புகையிரத நிலைய அதிபர்கள், மருத்துவிச்சிகள், சங்கக்கடை மனேஜர்கள் அங்கே பிறந்த ஊர், படித்த பள்ளி, கலியாணம் செய்த வருடம் எல்லாவற்றோடும் இருக்கிறார்கள். புகழ்ச்சியைக் கழித்துவிட்டு வாசிக்க வேணும், அவ்வளவுதான். அதில் எல்லாருமே தங்கமான மனிதர்கள்.

போன மாதம் பெரியம்மாவின் கல்வெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின் அட்டையின் அடியில், சின்ன எழுத்தில், அச்சகத்தின் பெயர், தெரு, ஃபோன் நம்பர். இத்தனை வருடமாக அந்த வரியை நான் வாசித்ததே இல்லை. நம்பருக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை. நேரே போனேன்.

இப்போது மகன் நடத்துகிறார். தகப்பன் காலத்தில் ஈய எழுத்துக் கோத்தது, இப்போது கொம்பியூட்டர். கலியாண கார்ட்டும் பில் புத்தகமும்தான் சாப்பாடு போடுகிறது என்றார். ஆனால் கல்வெட்டுக்குத்தான் நித்திரை முழிக்க வேண்டும், 31 ஆம் நாளைத் தள்ளிப் போட ஏலாது என்றார். பிழை திருத்த வருகிற ஆக்கள் அழுதுகொண்டு வாசிப்பதால் பிழை கண்ணில் படாதாம். அதனால் தகப்பன் பழக்கின ஒரு வழக்கம்: பெயரையும் திகதியையும் மட்டும் அச்சகத்திலேயே ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது. நான் நின்ற நேரம் அவரும் மனைவியும் அப்படி ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சண்முகநாதன்' என்பதற்கு மூன்று சுழி ண்ணா, இரண்டு சுழி ன்னா என்று ஒருமுறை நின்று, திரும்ப வாசித்தார்கள்.

"அப்பாவுக்கு ஆர் கல்வெட்டு அடிச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் தம்பி. பின் அட்டையில கடைப் பேரைப் போடுறதா விடுறதா எண்டு ஒரு நாள் முழுக்க யோசிச்சனான்."

போட்டிருந்தார். எடுத்துக் காட்டினார்.